முக்கொம்பிலிருந்து கல்லணை வரை

மாணவ நண்பர்களே, திருச்சிராப்பள்ளி வட்டாரப் பள்ளிகளில் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் உல்லாசப் பயணம் புறப்படுவது நெடுநாளைய வழக்கம். பூங்காவில் ஓடியாடுகிறோம், கட்டுச்சோறு உண்கிறோம், பொழுது சாயத் திரும்பிவிடுகிறோம். ஆற்றைப் பார்த்தோமா என்றால், பெரும்பாலும் இல்லை. இவ்விரண்டு இடங்களும் ஒரே கதையின் இரு பகுதிகள். ஆகையால் அவற்றை ஒரே நாளில், மேற்கிலிருந்து கிழக்காகக் காண்பதே முறை.

முக்கொம்பு திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் உள்ளது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்கிறது. இரண்டிற்கும் நடுவே அமைந்தது திருவரங்கத் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. தண்ணீர் பள்ளத்தை நாடும் அல்லவா? தடுப்பு இல்லையேல் ஆற்றின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே வீணே கடலுக்குப் போய்விடும். தஞ்சை வயல்கள் காய்ந்து கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நிலை நெருங்கியது. அதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பலானார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. பிறகு புதிய கதவணை கட்டப்பட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்பு மாணவர்களுடன் இவ்விடத்துக்கு வந்திருந்தேன். கோடைக்காலம், முழங்காலளவே நீர். குளிக்க அனுமதித்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் இரண்டு அடி எடுத்து வைத்தான்; மூன்றாவது அடியில் அவனைக் காணவில்லை. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து, அவன் தலைமயிரைப் பற்றி இழுத்து வந்தார். மதகுகளிலிருந்து விழும் நீர் கீழே மணலைக் குடைந்து குழிகளை உண்டாக்கிவிடும். மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு ஒரே சமமாகத்தான் தோன்றும். “என்னைக் கேட்டிருக்கலாமே, ஐயா” என்றார் அவர். நான் கேட்கவில்லை, குற்றம் என்னுடையதே. அணைக்கு அருகில் எவரும் இறங்கலாகாது. மற்றத் துறைகளிலும் அவ்வூராரை விசாரித்த பின்னரே இறங்குங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும் உடனே கரையேறிவிடுங்கள். மேலே எங்கோ நீர் பெருகியிருக்கிறது.

தீவைக் கடந்து கிழக்கே சென்றால், பிரிந்த இரு கிளைகளும் மீண்டும் நெருங்கி வரும் இடத்தில் கல்லணை. அங்கே காவிரியின் படுகை மேடு, கொள்ளிடம் பள்ளம். முக்கொம்பில் காத்த நீர் இங்கே கரையுடைத்து நழுவிவிடக் கூடும். அதனை மறித்து நிற்பதுதான் கரிகாற் சோழன் கட்டியதாக நாம் போற்றும் அணை. அடியில் பாறையில்லை, ஆழங்காண இயலாத மணல். பெருங்கற்களை அம்மணலிலேயே அமிழவிட்டு, அவை நிலைத்தபின் மேலே மேலே கல்லடுக்கினர் என்பர். தளர்மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்நாட்டாரிடமிருந்தே கற்றோம் என்று காட்டனே எழுதியிருக்கிறார். பின்னர் கோதாவரியில் தவளேசுவரத்து அணைக்கும் அவ்வித்தையே உதவிற்று. மண்டபத்திலுள்ள கரிகாலன் சிலையின்முன் நின்று படம் பிடித்துக்கொள்வோர் பலர். அணையின் வளைவைக் கவனிப்போர் சிலரே.

காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் இங்கே பங்கிடப்படுகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாட்களில் கல்லணையை எட்டும். மதகுகள் உயரும்போது உழவர்கள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். அந்த நாளில் செல்ல வாய்த்தால் தவறவிடாதீர்கள். கூட்டம் மிகுதியாயிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.