களிமண் பிடித்த ஜமீன் பிள்ளை

தென்காசிக் கோயிலின் கற்சிற்பங்களைக் கண்டு வளர்ந்த சுரண்டை வாசிகளான நமக்கு, சென்னைக் கடற்கரையில் 1959-ல் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலை முதற்பார்வையில் திகைப்பையே தரும். பாறையைப் பெயர்க்கும் நால்வரிடம் தெய்வ லக்ஷணம் ஏதுமில்லை. முறுக்கேறிய தசையும் நரம்புமே தெரிகின்றன.

அதை வடித்த ஸ்ரீ தேவிபிரஸாத் ராய் சௌதுரி 1899-ல் வங்காளத்து ரங்கபூர் ஜில்லாவில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். சித்திரத்தில் அவருக்கு ஆசான் அவனீந்திரநாத தாகூர். அப்பள்ளியின் மெல்லிய வர்ணமும் கனவும் மட்டும் அவருக்குப் போதவில்லை போலும்! இத்தாலிய ஓவியர் ஒருவரிடம் மனித உடலை நேரில் நோக்கி வரையக் கற்றார். ஹிரண்மய் ராய் சௌதுரியிடம் சிற்பம் பயின்றார். மல்யுத்தத்திலும் பற்றுள்ளவர், தசையின் இயல்பை ஏட்டிலா தேடியிருப்பார்? 1929-ல் சென்னை அரசாங்கக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றவர், 1957 வரை நம் பிள்ளைகளுக்கும் அக்கலையைப் பயிற்றினார்.