சி நிரல்களில் அடுக்குத் தடம்

அடுக்குத் தடம் அல்லது ஸ்டாக் ட்ரேஸ் என்பது, ஒரு நிரல் முறியும் கணத்தில் எந்தச் செயற்கூறு எதை அழைத்திருந்தது என்பதை வரிசையாகக் காட்டும் பட்டியல் ஆகும். ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் பிடிக்கப்படாத பிழை எழுந்தால் இப்பட்டியல் தானாகவே திரையில் தோன்றும். சி மொழியில் அவ்வாறு தோன்றுவதில்லை. சி மொழியின் தர வரையறை அடுக்கு என்ற ஒன்றைப் பற்றியே பேசாததால், தடம் கிடைப்பது நிரல்பெயர்ப்பி, நூலகம், இயங்குதளம் ஆகியவற்றைப் பொறுத்தது.

தடம் எடுக்கப்படும் முறை

64 பிட் இன்டெல் வகைச் செயலிகளில் ஒரு செயற்கூறு அழைக்கப்படும்போது, பின்னர் திரும்ப வேண்டிய முகவரி அடுக்கில் வைக்கப்படுகிறது. இம்முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்வதே தடமெடுத்தல். இதற்குப் பழைய எளிய வழி சட்டகச் சுட்டி. ஒவ்வொரு செயற்கூறும் தன்னை அழைத்ததன் சட்டகம் எங்குள்ளது எனக் குறித்து வைப்பதால், சங்கிலியைப் பற்றிக்கொண்டு மேலே செல்லலாம். உகப்பாக்கம் செய்யும்போது ஜிசிசி வேகத்துக்காக இதைக் கைவிட்டு, டுவார்ஃப் வடிவ அட்டவணை ஒன்றை நிரல் கோப்பில் சேர்க்கிறது. (செயல்திறன் அளவிடும் கருவிகளுக்காக ஃபெடோரா 38, உபுண்டு 24.04 ஆகியவை சட்டகச் சுட்டியை மீண்டும் இயல்பாக்கின.)

கிலிப்சி நூலகம்

பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் உள்ள கிலிப்சி, இதற்கென ‘பேக்ட்ரேஸ்’ என்னும் செயற்கூறைத் தருகிறது. அது தருவது வெறும் முகவரிகளே. அவற்றைப் பெயர்களாக்கும் துணைச் செயற்கூறுகள் இயங்குநிலைக் குறியீட்டு அட்டவணையை மட்டுமே பார்க்கின்றன. எனவே இணைக்கும்போது ‘ஆர்டைனமிக்’ தேர்வைக் கொடுக்காவிட்டால் நிரலின் சொந்தச் செயற்கூறுகளுக்குப் பெயர் வராது. ‘ஸ்டாட்டிக்’ என அறிவிக்கப்பட்டவற்றுக்கு அப்போதும் வராது.

வரி எண் வேண்டுமானால், பிழைதிருத்தத் தகவலுடன் தொகுத்து, முகவரியை ‘ஆடர் டு லைன்’ கருவியிடம் தரவேண்டும். இன்றைய நிரல்கள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஏற்றப்படுவதால், ஏற்றப்பட்ட தொடக்க முகவரியை முதலில் கழிக்க வேண்டும். மேலும், திரும்பு முகவரி அழைப்புக்கு அடுத்த கட்டளையையே சுட்டும். ‘அபார்ட்’ போன்ற, திரும்பி வராத அழைப்பு ஒரு செயற்கூறின் கடைசிக் கட்டளையாக இருந்தால், தொடர்பே இல்லாத அடுத்த செயற்கூறின் பெயர் தடத்தில் தோன்றிவிடும். முகவரியிலிருந்து 1 கழித்துத் தேடினால் இக்குழப்பம் தீரும்.

முறிவுச் சிக்னலைக் கையாளும் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. பெயர்களைச் சரங்களாகத் தரும் செயற்கூறு ‘மேலாக்’ மூலம் நினைவகம் கேட்கிறது. நிரல் முறிந்ததே ‘மேலாக்’கின் உள்ளே என்றால், அது பூட்டில் சிக்கி அப்படியே நின்றுவிடக்கூடும், முறிவைவிட இது மோசம். நேரடியாகக் கோப்பில் எழுதும் வடிவம் ‘மேலாக்’கை நாடுவதில்லை. ஆனால் ‘பேக்ட்ரேஸ்’ முதல்முறை அழைக்கப்படும்போது ஜிசிசியின் துணை நூலகம் ஏற்றப்படுவதால், நிரலின் தொடக்கத்திலேயே அதை ஒருமுறை வீணாக அழைத்து வைப்பது வழக்கம். அடுக்கு நிரம்பியதால் முறியும் நிரலில் கையாளிக்கே இடமிராது. அதற்குத் தனி அடுக்கை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

மசல் நூலகம்

அல்பைன் லினக்ஸ் பயன்படுத்தும் மசல் நூலகத்தில் ‘பேக்ட்ரேஸ்’ இல்லை. அதற்கான தலைப்புக் கோப்பும் இல்லை. ஆகவே கிலிப்சியில் இயங்கிய நிரல் இங்கே தொகுக்கப்படும்போதே நின்றுவிடும். மசல் தன்னை அடையாளம் காட்டும் மேக்ரோ எதையும் வேண்டுமென்றே வரையறுப்பதில்லை. எனவே நூலகத்தின் பெயரைச் சோதிப்பதை விட, தலைப்புக் கோப்பு உள்ளதா எனக் கட்டமைப்பின்போது சோதிப்பதே சரி. இல்லாதபோது லிப்அன்வைண்ட் நூலகத்தையோ, ஜிசிசி தரும் ‘அன்வைண்ட் பேக்ட்ரேஸ்’ செயற்கூறையோ பயன்படுத்தலாம்.

ஆனாலும் ஒரு தடை உண்டு. கோப்பின் அளவைக் குறைக்க, நினைவகத்தில் ஏற்றப்படும் டுவார்ஃப் அட்டவணைகள் இல்லாமலேயே மசல் தொகுக்கப்படுகிறது. ‘கியூசார்ட்’டுக்குக் கொடுத்த ஒப்பீட்டுச் செயற்கூறில் நிரல் முறிந்தால், தடம் ‘கியூசார்ட்’ வரை வந்து அறுந்துபோகலாம். அதை அழைத்த ‘மெயின்’ கண்ணில் படாது. இவ்வட்டவணை பிழைதிருத்தத் தகவலின் பகுதியாகத் தனியே கிடைக்கும் என்பதால், அல்பைனில் மசலின் பிழைதிருத்தத் தொகுப்பை நிறுவி, முறிவின்போது சேமிக்கப்பட்ட நினைவகக் கோப்பை ஜிடிபியில் திறந்தால் முழுத் தடமும் கிடைக்கும். முறிந்த கணினியில் இருந்த அதே நிரல் கோப்பும் அதே பதிப்பு மசலும் திறக்கும் கணினியில் இருக்க வேண்டும்.