நகல் எடுத்தீர்கள், சரி, திறந்து பார்த்தீர்களா?

ஜப்பானில் உள்ள கியோட்டோ பல்கலைக் கழகத்தில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி மாலையில் அதில் சேர்த்து வைத்திருந்த ஆராய்ச்சி விவரங்கள் அழியத் தொடங்கின. 16-ந் தேதி பகலில்தான் அது நின்றது. அதற்குள் சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் போய்விட்டன. அளவில் 77 டெராபைட். 14 ஆராய்ச்சிக் குழுக்களுக்குப் பாதிப்பு. அவற்றில் 4 குழுக்களின் விவரங்களைக் காப்பு நகலிலிருந்தும் மீட்க வழியில்லை என்று பல்கலைக் கழகம் அறிவித்தது.

இது வைரஸின் வேலை அல்ல. யாரும் திருடவும் இல்லை. காப்பு நகல் எடுப்பதற்காக வைத்திருந்த ஏற்பாடே மூலத்தை அழித்துவிட்டது!

நடந்தது இதுதான். 10 நாட்களுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் குறிப்புகளைத் துடைப்பதற்கு ஒரு சிறிய கட்டளைத் தொகுப்பு எழுதி வைத்திருந்தார்கள். அது ஓடிக் கொண்டிருக்கும்போதே, திருத்திய புதிய தொகுப்பை அதன் மேல் வைத்துவிட்டார்கள். லினக்ஸில் கட்டளைகளை நிறைவேற்றும் 'பாஷ்' என்ற புரோகிராம், தொகுப்பை முழுவதும் படித்து முடித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பதில்லை. படிக்கப் படிக்கச் செய்து கொண்டே போகும். ஆகவே முன்பாதி பழையதாகவும் பின்பாதி புதியதாகவும் ஓடியது. 'எந்த இடத்தில் துடைக்க வேண்டும்' என்று சொல்லும் பெயர் காலியாகப் போயிற்று. காலி என்றால் கம்ப்யூட்டருக்கு 'எல்லா இடமும்' என்று அர்த்தம். துடைத்துத் தள்ளிவிட்டது.

அவ்வளவு பெரிய இடத்துக்கே இந்தக் கதி என்றால், வீட்டு மேஜை மேல் இருக்கும் நம் கம்ப்யூட்டரின் நிலை என்ன?

லினக்ஸ் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை அது. இன்று ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றிலும் அதன் கரு இருக்கிறது. கேரளத்து அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அதுதான் ஓடுகிறது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது அன்றாடச் சோறு. காசு கொடுக்க வேண்டாம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் சிறிய கடைகளிலும் அதை வைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சிறிய கடைக்காரர்தான் கவலைப்பட வேண்டியவர். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். டிஸ்க் கெட்டுப் போய்விட்டது என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. வீட்டிலோ, தாத்தா பாட்டியின் ஒரே புகைப்படம், ஊரில் உள்ள நிலத்தின் பத்திர நகல், பெண்ணின் கல்யாண வீடியோ. இவற்றை மறுபடியும் எங்கே போய் வாங்குவது?

இரண்டெழுத்துக் கட்டளை

சி, பி என்ற இரண்டு எழுத்துக்கள். இதுதான் நகல் எடுக்கும் மிகப் பழைய கட்டளை. 1971-ல் வந்த முதல் யூனிக்ஸிலேயே இருந்தது. லினக்ஸ் அந்த யூனிக்ஸின் வழி வந்தது. சி, பி அடித்து, 'எதை' என்று எழுதி, 'எங்கே' என்று எழுதினால் நகல் தயார். ஆனால் அது பேசாத வேலைக்காரன். போகும் இடத்தில் அதே பெயரில் வேறு ஃபைல் இருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் அதன் மேல் எழுதிவிடும். கேட்டுவிட்டுச் செய் என்பதற்கு ஒரு சிறுகோடும் ஐ எழுத்தும் சேர்க்க வேண்டும். ஃபோல்டர் முழுவதையும் தேதி மாறாமல் எடுக்கச் சிறுகோடும் ஏ எழுத்தும். இந்த ஏ எழுத்தை விட்டுவிட்டால், 2009-ல் எடுத்த படமும் இன்று எடுத்தது போலத் தேதி காட்டும். பிறகு வரிசைப்படுத்த உட்காரும்போது தெரியும் சிரமம்.

'டார்' என்பது பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டும் கட்டளை. காந்த நாடாவில் சேமித்த காலத்துப் பெயர். இன்றும் நல்ல உழைப்பாளி. ஆனால் மூட்டையை அமுக்கிச் சுருக்கி வைத்திருந்தால், நடுவில் ஓர் இடம் கெட்டாலும் அதற்குப் பின்னால் உள்ளவை பெரும்பாலும் கிடைக்காது என்பதை மனதில் வைக்க வேண்டும்.

'டிடி' பற்றி ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக் கொள்ளலாம். டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதி எடுக்கும். எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லிவிட்டால், நல்ல டிஸ்க்கின் மேல் வெறும் டிஸ்க்கை எழுதிவிடும். அனுபவசாலிகளே மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் எண்டர் பட்டனைத் தொடுகிறார்கள். புதியவர்கள் இதன் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

கான்பெராவில் பிறந்த கருவி

வீட்டுக்கும் கடைக்கும் ஏற்றது 'ஆர்சிங்க்' என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் உள்ள தேசியப் பல்கலைக் கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் செய்து, 1996-ல் வெளியிட்டது. டெலிபோன் கம்பி வழியாக மெல்ல மெல்ல விவரங்கள் ஊர்ந்த காலம் அது. பெரிய ஃபைலில் ஒரு வரி மாறினால் முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டுமா என்பது அவர்களுடைய கேள்வி.

விடை அழகானது. பெறும் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள பழைய பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண் கணக்கிட்டு, அந்த எண்களை மட்டும் அனுப்பும். அனுப்பும் கம்ப்யூட்டர் அவற்றைத் தன் புதிய ஃபைலோடு ஒப்பிட்டு, இல்லாத பகுதியை மட்டும் அனுப்பும். ஒரே கம்ப்யூட்டரில் உள்ள இரண்டு டிஸ்க்குகளுக்கு இடையில் இந்த வெட்டு வேலை நடப்பதில்லை. அங்கே அளவும் தேதியும் ஒத்துப் போகும் ஃபைல்களை விட்டுவிட்டு, மற்றவற்றை முழுதாக நகல் எடுக்கும். முதல் நாள் இரண்டு மணி நேரம் பிடித்த வேலை மறுநாள் இரண்டு நிமிஷத்தில் முடிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இதிலும் பள்ளங்கள் உண்டு. ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்வுக் கோடு போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போகும். 'டிலீட்' என்ற சொல்லைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாதது நகலிலும் அழிக்கப்படும். நேற்று தவறி ஒரு படத்தை அழித்துவிட்டீர்கள், இன்று இரவு ஆர்சிங்க் ஓடுகிறது என்றால் நகலிலும் அந்தப் படம் இராது. அது கண்ணாடி, காப்பு நகல் ஆகாது. ஆகவே முதலில் சிறுகோடும் என் எழுத்தும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். என்ன செய்யப் போகிறது என்று பட்டியல் காட்டும், எதையும் தொடாது. கண்ணாடி வேண்டாம், நாள்வாரியாக வேண்டும் என்றால் 'லிங்க்-டெஸ்ட்' என்ற வசதி உண்டு. தேதிக்கு ஒரு ஃபோல்டர் முழுமையாக இருக்கும். மாறாத ஃபைல்கள் கூடுதல் இடம் பிடிக்காது.

கடையில் வாங்கும் பென் டிரைவ்கள் பெரும்பாலும் 'ஃபேட்' முறையில் அமைந்தவை. ஃபேட் 32 என்றால் 4 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு ஃபைலை ஏற்காது. கல்யாண வீடியோ அங்கேதான் பாதியில் நிற்கும். தேதியையும் இரண்டு விநாடிக் கணக்கில்தான் குறிக்கும். ஆர்சிங்க் அதைப் பார்த்து 'மாறிவிட்டது' என்று நினைத்து, மாறாத ஃபைல்களையும் தினமும் புதிதாக எடுக்கும். இன்னொன்று: நகல் முடிந்ததாகத் திரையில் தெரிந்தாலும், லினக்ஸ் ஒரு பகுதியை நினைவகத்தில் வைத்துக் கொண்டு மெதுவாக எழுதிக் கொண்டிருக்கும். 'சிங்க்' என்று அடித்து, அது முடிந்து, முறைப்படி இணைப்பை நீக்கிய பிறகே பென் டிரைவை உருவ வேண்டும்.

டாய் ஸ்டோரி தப்பிய கதை

1998-ல் அமெரிக்காவில் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக் கொண்டிருந்தது. யாரோ 'அழி' என்ற கட்டளையைத் தவறான இடத்தில் கொடுக்க, படத்தின் பெரும்பகுதி காணாமல் போயிற்று. காப்பு நகலை எடுத்துப் பார்த்தார்கள். அது ஒரு மாத காலமாகச் சரியாக வேலை செய்யவில்லை! குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணி செய்து வந்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. போர்வையில் சுற்றி, காரில் வைத்து, பூப்போல எடுத்து வந்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளியானது.

ஆகவே நகல் எடுத்தவர் அதைத் திறந்தும் பார்க்க வேண்டும். 'டிஃப்' என்ற கட்டளை இரண்டு ஃபோல்டர்களையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைச் சொல்லும். ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று பொருள். மாதம் ஒரு முறை ஏதாவது நாலு ஃபைல்களை நகலிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துத் திறந்து பார்த்தால் இன்னும் நல்லது. 'க்ரான்' என்ற வசதியால் தினமும் இரவு தானாக ஓடும்படி செய்யலாம். ஆனால் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், தவறவிட்ட வேலையை அது பிறகு செய்யாது.

மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் சொன்ன கணக்கு உலகெங்கும் பிரபலம். வேறு ஊர் என்பது நமக்கு ஒரு பிரச்னையே அல்ல. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் எப்படியும் வேலூருக்கோ, தருமபுரிக்கோ, திருநெல்வேலிக்கோ போகிறோம். ஒரு டிஸ்க்கை அங்கே பீரோவில் வைத்துவிட்டு, போன தடவை வைத்ததைத் திரும்ப எடுத்து வரலாம். அதில் பத்திரங்கள் இருந்தால் 'லக்ஸ்' முறையில் பூட்டி வைக்க வேண்டும். பூட்டின் ரகசியச் சொல்லை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். டிஸ்க்கின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, நகல் எடுத்த தேதியைப் பேனாவால் எழுதிவிட்டால், அடுத்த திருவிழாவில் எதைக் கொண்டு வர வேண்டும் என்ற குழப்பமும் இராது.