"பொறுத்துப் பார்ப்போம்" என்று மாதங்களை இழக்கலாமா?

பிள்ளை பிறந்து முப்பத்தொன்று கழிந்த பின்னர் உறவினரும் அயலவரும் கேட்கும் கேள்விகள் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே போகும். "முகம் பார்த்துச் சிரிக்கிறாளோ?", "உடம்பு பிரட்டிவிட்டானோ?", "இருக்கத் தொடங்கிவிட்டாளோ?" என்று கேட்பார்கள். முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும்போது, பிள்ளையை இருத்தி, முன்னால் பரப்பிய பொருட்களில் எதை எடுக்கிறது என்று பார்ப்போம். இவையெல்லாம் வெறும் உபசாரங்கள் அல்ல. குழந்தையின் மூளையும் நரம்புகளும் தசைகளும் ஒழுங்காக வளர்கின்றனவா என்பதை எமது மூத்தவர்கள் தமது வழியில் அவதானித்த முறையே அது.

ஆனால் "இன்னும் இல்லை" என்று தாய் சொல்லும்போது, "பொறுத்துப் பார்ப்போம். தகப்பனும் பிந்தித்தான் நடந்தவன்" என்ற ஆறுதலே பெரும்பாலும் கிடைக்கின்றது. அன்பாகச் சொல்லப்படும் இந்த வார்த்தை சில பிள்ளைகளின் பெறுமதியான மாதங்களைப் பறித்துவிடுகின்றது.

எது இயல்பு? எது தாமதம்?

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் ஒரே செயலைச் செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளை அவதானித்து 2006இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பிடிப்பின்றி இருப்பது ஏறக்குறைய 4 மாதத்திலிருந்து 9 மாதம் வரையிலும், தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரையிலும் நிகழ்கின்றது. 100 குழந்தைகளில் ஏறக்குறைய 4 பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கிறார்கள்.

ஆகவே அயல்வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்தது என்பதற்காக நாம் கலங்கத் தேவையில்லை. அதேவேளை இந்த எல்லையின் முடிவு வந்த பின்னரும் காத்திருப்பது சரியல்ல. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையாயின், எத்தனை கிழமை முந்திப் பிறந்ததோ அத்தனை கிழமையைக் கழித்து வயதைக் கணக்கிட வேண்டும். 2 வயது வரை இவ்வாறு கணக்கிடலாம்.

தடுப்பூசி நாளில் ஒரு கேள்வி

எமது நாட்டில் 2, 4, 6, 9, 12, 18 ஆகிய மாதங்களில் தடுப்பூசி போடுவதற்காகப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்கிறோம். அந்த நாட்களில் நிறையை மட்டும் பார்த்துத் திரும்பாமல், எமக்கு நாமே ஒரு கேள்வியையும் கேட்போம்.

2 மாதம்: முகத்தைப் பார்க்கிறதா? சிரிப்புக்குச் சிரிக்கிறதா?

4 மாதம்: தூக்கி வைத்திருக்கும்போது தலை நிமிர்ந்து நிற்கிறதா? பொத்திய கைகளை விரிக்கிறதா?

6 மாதம்: உடம்பு பிரட்டுகிறதா? பொருளை எட்டிப் பிடிக்கிறதா?

9 மாதம்: பிடிக்காமல் இருக்கிறதா? இரண்டு கைகளையும் ஒரே அளவில் பாவிக்கிறதா?

12 மாதம்: பிடித்துக்கொண்டு எழும்பி நிற்க முயல்கிறதா?

18 மாதம்: தனியாக நடக்கிறதா?

"இல்லை" என்ற விடை வந்தால் அன்றே அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்ல வேண்டும். இவை தவிர, உடம்பு துணிபோலத் துவண்டு கிடத்தல், உடுப்பு மாற்றும்போது கால்கள் விறைத்துக் கத்தரிபோல் ஒன்றன்மேல் ஒன்று போதல், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தல், பாலைக் குடிக்கும்போது அடிக்கடி புரைக்கேறுதல் என்பனவும் கவனிக்க வேண்டிய அறிகுறிகளாகும். முன்பு செய்த ஒன்றைப் பிள்ளை செய்யாமல் விட்டால், எந்த வயதாயினும் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஏன் உடனே செல்ல வேண்டும்?

முதல் இரண்டு வருடங்களில் குழந்தையின் மூளை மிக வேகமாக வளர்கின்றது. ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருந்தாலும், திரும்பத் திரும்பப் பயிற்சி கிடைக்கும்போது புதிய வழிகளில் பழகிக்கொள்ளும் ஆற்றல் இக்காலத்தில் அதிகம். மூளைவாதம் என்று சொல்லப்படும் நிலையைப் பெரும்பாலும் 12 முதல் 24 மாதங்களிலேயே உறுதிப்படுத்துவது முன்னைய வழக்கம். பல பிள்ளைகளில் அதை 6 மாதத்துக்கு முன்னரே இனங்காண முடியும் என்று 2017இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் கூறுகின்றது. நோயின் பெயர் உறுதியாகும்வரை பயிற்சிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

எல்லாத் தாமதமும் மூளைவாதம் அல்ல. தைரொயிட் சுரப்புக் குறைபாடு, போசாக்கின்மை, பார்வைக் குறைபாடு, இடுப்பு மூட்டு விலகல் போன்றவையும் காரணமாகலாம். இவற்றில் பலவற்றுக்கு நேரத்துக்குச் சிகிச்சை உண்டு. பிந்தினால் தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிவிடும். பின்னர் அவற்றை நிமிர்த்துவது கடினம்.

ஒரு தாய் சொன்னது

வன்னியில் நான் சந்தித்த தாய் ஒருவருக்கு 2009இல் 11 வயது. அந்த வருடம் தகப்பனை இழந்தவர். இன்று கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவருடைய மகள் பிறந்தவுடன் அழவில்லை. 7 மாதத்தில் ஒரு கை எப்பொழுதும் பொத்தியபடி இருந்தது, கால்கள் விறைத்தன. மாமியார் கோயிலில் நூல் கட்டுவித்தார். கிளினிக்கில் நிறை சரியாக இருந்ததால் இவரும் வாய் திறக்கவில்லை. "சொன்னால் பிள்ளைக்குப் பேர் வைச்சிடுவினம் எண்டு பயந்தனான்" என்றார்.

பத்தாம் மாதத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான் கையைப் பிடித்து வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். எப்படித் தூக்குவது, எப்படி இருத்துவது, விளையாட்டுச் சாமானை எந்தப் பக்கம் வைப்பது என்று இயன்மருத்துவர் காட்டிக்கொடுத்தார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய் வந்தார். மற்ற நாட்களில் குளிக்க வார்க்கும்போதும் சோறு ஊட்டும்போதும் அதையே செய்தார். மகளுக்கு இப்பொழுது 3 வயது. முற்றாகக் குணமாகவில்லை. ஆனால் சுவரைப் பிடித்து நடக்கிறாள், முன்பள்ளிக்குப் போகிறாள். "நடக்கிறாளோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு, பிடிச்சுக்கொண்டு நடக்கிறாள் எண்டு சொல்லுவன்" என்று அந்தத் தாய் சொன்னபோது அவர் குரலில் வெட்கம் இருக்கவில்லை.

குற்றம் தாயுடையதல்ல

"கிரகணத்தில் வெளியில் போனாய்", "உன்ர கிரகம்" என்று பழி தாயின் தலையிலேயே விழுகின்றது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கடும் மஞ்சட்காமாலை, மூளைக் காய்ச்சல், பரம்பரைக் காரணங்கள் என்பனவே பெரும்பாலும் இதற்குப் பின்னால் உள்ளன. சிலவேளை காரணமே தெரியவராது. 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஒழுங்கான கிளினிக் வசதி கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பிந்தியதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இன்று கிளினிக் இருக்கின்றது. பயமும் பழிச்சொல்லும் அதன் வாசலை அடைத்துவிடக் கூடாது.

எங்கே செல்வது? என்ன கேட்பது?

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள். அவர்கள் பிள்ளைநல வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகள் உட்பட அரச வைத்தியசாலைகளில் இந்தச் சேவை இலவசம். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் பிறந்த வைத்தியசாலை தந்த அட்டையையும் கொண்டு செல்லுங்கள். வீட்டில் பிள்ளை அசையும் விதத்தைத் தொலைபேசியில் படம்பிடித்துச் சென்றால் வைத்தியருக்கு உதவும். "பொறுத்துப் பார்ப்போம்" என்று அங்கேயும் சொல்லப்பட்டால், "எந்தத் திகதி வரை? அதற்குள் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தொடர்ந்து பராமரிப்புத் தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவிகள் பற்றி விசாரியுங்கள்.

வீட்டில், பிள்ளை விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் படுக்கவிட்டு அருகிலிருந்து விளையாட்டுக் காட்டுங்கள். நாள் முழுவதும் ஏணையில் கிடத்த வேண்டாம். சில்லுப் பூட்டிய வோக்கரில் இருத்துவதால் பிள்ளை விரைவில் நடக்காது. விழுந்து காயப்படும் ஆபத்தே உண்டு. எண்ணெய் பூசித் தடவலாம். விறைத்த கைகால்களைப் பலவந்தமாக இழுத்து உருவக் கூடாது.

பல வீடுகளில் தாய் தனியாகவே இந்தச் சுமையைச் சுமக்கிறார். கிளினிக் நாளில் மூத்த பிள்ளையை யாராவது பார்த்துக்கொண்டால், பஸ் செலவுக்குக் கொஞ்சம் கைகொடுத்தால், கூட ஒருவர் போனால், அவர் அடுத்த தவணையைத் தவறவிடமாட்டார். எமது மாதர் சங்கங்கள் இதைத் தமது வேலையாக எடுக்கலாம். அடுத்த முறை ஒரு தாய் "இன்னும் இருக்கவில்லை" என்று சொன்னால், "பொறுத்துப் பார்ப்போம்" என்னாமல், "வாரும், நாளைக்கு நானும் வாறன்" என்று சொல்வோம்.