முயலுக்கு முடி கொட்டுதா? தடவுறதுக்கு முன்னாடி காரணத்தைப் பாருங்க

நம்மில் பலர் வீட்டில் இப்போது முயல் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒரு ஜோடி வாங்கியவர்களும் உண்டு, புழுக்கை தோட்டத்துக்கு நல்ல எரு என்பதற்காகக் கூண்டு போட்டவர்களும் உண்டு. இரண்டு பேருமே வளர்க்க ஆரம்பித்த சில மாதங்களில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "முடி கொட்டுது, தோல் சொரசொரப்பா இருக்கு, என்னங்க தடவலாம்?"

நம்ம கை முதலில் வேப்பெண்ணெய்க்குத்தான் போகும். ஆனால் முயல் விஷயத்தில் 'என்ன தடவலாம்' என்பது இரண்டாவது கேள்வி. 'ஏன் கொட்டுது' என்பதுதான் முதல் கேள்வி. சும்மா விட்டாலே சரியாகிற முடி உதிர்வு ஒன்று உண்டு. தீவனத்தை மாற்றினால் நிற்பது ஒன்று, கூண்டைச் சரிசெய்தால் ஆறுவது இன்னொன்று. எவ்வளவு எண்ணெய் போட்டாலும் நிற்காமல் பக்கத்துக் கூண்டுக்கும் பரவி, கடைசியில் உயிரையே எடுக்கிற சொறியும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நோயே இல்லாத முடி உதிர்வு

முயல் ஆண்டில் சில முறை பழைய முடியை உதிர்த்துப் புது முடி போடும். அப்போது கையால் தடவினால் கொத்துக் கொத்தாக வரும். பயப்பட வேண்டாம். உதிர்ந்த இடத்தை ஊதிப் பாருங்கள். தோல் சுத்தமாக, செதில் இல்லாமல், அடியில் புது முடி முளைத்திருந்தால் அது இயற்கைதான். மென்மையான சீப்பால் தினமும் வாரிவிட்டால் போதும். வாராமல் விட்டால் முயல் நக்கி நக்கி அந்த முடியை விழுங்கும். பூனை மாதிரி முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் இந்த நாட்களில் புல் தாராளமாகக் கிடைக்க வேண்டும். குடல் ஓடிக்கொண்டே இருந்தால் முடியும் புழுக்கையோடு போய்விடும்.

பெண் முயல் வயிற்றிலும் கழுத்துக்குக் கீழேயும் முடியைப் பிடுங்கிக் குவிக்கிறதா? சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். அதன் கடைசியில் குட்டிக்கு மெத்தை போடத்தான் பிடுங்குகிறது. ஆணோடு சேராத பெண் முயலும் சில சமயம் பொய்ச்சினை பிடித்து இப்படிச் செய்யும். இதற்கும் மருந்து வேண்டாம். சினை முயலாக இருந்தால் குட்டி ஈனும் பெட்டியைக் கூண்டில் வையுங்கள்.

தீவனத்தால் வருகிற முடி உதிர்வு

இது இயற்கை விவசாயிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. நம்ம வேலியோரம் சவுண்டல் மரம் இருக்கும், சூபாபுல் என்றும் சொல்வோம். ஆடு ஆசையாகத் தின்கிறதே என்று முயலுக்கும் கட்டுக் கட்டாகப் போடுகிறோம். சவுண்டல் இலையிலும் விதையிலும் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது. அது முடி வளர்ச்சியையே நிறுத்தி, இருக்கிற முடியையும் உதிர வைக்கும். ஆடு மாடுகளின் முதல் இரைப்பையில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வாழ முடியும். முயலுக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது. அதனால் ஆட்டுக்கு ஒத்துப்போகிற தழை முயலுக்கும் ஒத்துப்போகும் என்று நினைக்கக் கூடாது. சவுண்டல் அதிகம் போட்டு வந்த வீட்டில் முயலுக்கு முடி கொட்டினால், முதல் வேலையாக அதை நிறுத்திப் பாருங்கள்.

அதற்குப் பதிலாகப் போட நம்மிடமே நிறைய இருக்கிறது. வேலிமசால், பேரிலேயே முயலை வைத்திருக்கிற முயல்மசால், அகத்தி, கல்யாண முருங்கை, அறுகம்புல் எல்லாமே நல்ல தீவனம். எதையும் ஈரத்தோடு போடாமல், அறுத்துச் சற்று வாட விட்டுப் போட்டால் வயிற்றுக்கும் நல்லது.

இன்னொன்று, முயல் தன் முடியையோ பக்கத்து முயலின் முடியையோ கடித்துத் தின்பது. அடர்தீவனம் கூடி நார் குறைந்துபோனாலும், கூண்டில் நெருக்கடி இருந்தாலும், மெல்ல ஏதுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் இப்படிச் செய்யும். அடர்தீவனத்தைக் குறைத்து, எந்நேரமும் கொறிக்கக் காய்ந்த புல் வையுங்கள். ஒன்றையொன்று கடிப்பவற்றைப் பிரித்து வையுங்கள்.

கூண்டால் வருகிற புண்

நாய், பூனைக்கு இருப்பதுபோல முயலின் பாதத்தில் தடித்த சதைத்திண்டு கிடையாது. முடிதான் அதற்கு மெத்தை. கம்பி வலை மேல் நாள் முழுக்க உட்கார்ந்தால் பின்னங்கால் அடியில் அந்த முடி தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிச் சீழ் பிடிக்கும். எடை கூடிய இனங்களுக்கும் தரை ஈரமாக இருக்கிற கூண்டுகளுக்கும் இது சீக்கிரம் வரும். முயல் அடிக்கடி காலை மாற்றி மாற்றி வைத்தாலோ, நகரவே யோசித்தாலோ, தூக்கிப் பாதத்தைப் பாருங்கள்.

இதற்குச் சரியான மருந்து ஒரு பலகைதான். கூண்டில் முயல் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு மரப்பலகையோ மூங்கில் தட்டியோ போடுங்கள். இரண்டு வைத்துக்கொண்டு ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைக்கும்போது மற்றதைப் போடலாம். வலையில் துருவோ நீட்டிய கம்பியோ இருந்தால் சரிசெய்யுங்கள். நகம் நீண்டிருந்தாலும் எடை முழுக்க குதிகாலில் விழும், அதையும் வெட்டிவிட வேண்டும்.

தாடைக்குக் கீழே முடி நனைந்து சிக்கடித்துத் தோல் வெந்ததுபோல் இருந்தால், அகலமான தண்ணீர்க் கிண்ணத்தில் கழுத்து முங்குகிறதா என்று பாருங்கள். நிப்பிள் குழாயோ குறுகிய வாய்ப் பாத்திரமோ வைத்தால் சரியாகிவிடும். அப்படியும் நனைந்தால் அது எச்சில். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். கொறிக்க நாரில்லாவிட்டால் பல் தாறுமாறாக வளர்ந்து வாயைக் குத்தும். அதைக் கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

கோடையில் சூடு தாங்காது என்று முயல் மேல் தண்ணீர் ஊற்றுவதும், அழுக்கு என்று குளிப்பாட்டுவதும் வேண்டாம். அதன் அடர்ந்த முடி உள்வரை காயாது. ஈரத்தில் தோல் புண்ணாகும், பயத்தில் அதிர்ச்சியாகிச் செத்தும் போகலாம். கொட்டகையைச் சுற்றி ஈரச்சாக்கு தொங்கவிட்டாலே குளிர்ச்சி கிடைக்கும்.

சொறி: எண்ணெயை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்

இப்போது உண்மையான எதிரிக்கு வருவோம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உண்ணிகளால் வருவது சொறி. இரண்டு வகையை முக்கியமாகப் பார்க்கிறோம்.

காதுச் சொறியில் முயல் தலையை உதறும், பின்னங்காலால் காதைச் சொறியும். காதுக்குள் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு கட்டும், ஒரு காது தொங்கும். உடற்சொறி மூக்கு நுனி, உதடு, கண்ணோரம், காது விளிம்பு, கால்விரல் என்று முடி குறைந்த இடங்களில் வெண்சாம்பல் பொருக்காக ஆரம்பிக்கும். உண்ணி தோலுக்குள்ளேயே குடைந்து முட்டையிடும். அரிப்பில் முயல் தீனி எடுக்காது. மூக்கிலும் வாயிலும் பொருக்கு கட்டிவிட்டால் தின்னவே முடியாமல் மெலிந்து செத்துப்போகும்.

பொருக்கைப் பிய்த்தெடுக்கக் கூடாது. அடியில் பச்சைப் புண், வலியில் துடிக்கும். தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பொருக்கு இளகும், அரிப்பும் கொஞ்சம் அடங்கும். எண்ணெயால் ஆகிற வேலை அவ்வளவுதான். தோலுக்குள் இருக்கிற உண்ணியை மேலே தடவுகிற எண்ணெய் எட்டாது.

இதற்குக் கால்நடை மருத்துவர்கள் ஐவர்மெக்டின் ஊசி போடுகிறார்கள். அது உண்ணியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால்தான் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி போடச் சொல்வார்கள். முதல் ஊசியிலேயே அரிப்பு நின்றுவிட்டது என்று இரண்டாவதை விட்டால், முட்டையிலிருந்து வந்தவை திரும்பப் பெருகும். அதே கொட்டகையில் இருக்கிற மற்ற முயல்களுக்கும் சேர்த்து மருத்துவம் பார்க்க வேண்டும். மருந்தை நீங்களே வாங்கிப் போட நினைக்காதீர்கள். கடையில் கிடைக்கும் குப்பி மாட்டுக்கான திடத்தில் இருக்கும். 2 கிலோ முயலுக்கு அதில் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. கண்ணளவில் எடுத்தால் அளவு தப்பிவிடும்.

ஊசி போட்ட அன்றே கூண்டையும் கவனிக்க வேண்டும். விழுந்த பொருக்கிலும் முடியிலும் உண்ணி பல நாள் உயிரோடு இருக்கும். முயலை வேறிடம் மாற்றி, இரும்புக் கூண்டைத் தேய்த்துக் கழுவி, தீ பீய்ச்சும் விளக்கால் வலை முழுவதையும் காட்டுங்கள். ஓலைக்கொட்டகையாக இருந்தால் கூண்டை வெளியே எடுத்து வைத்துச் செய்யுங்கள். பலகை, பெட்டிகளைக் கொதிநீர் ஊற்றிக் கடும் வெயிலில் காயப்போடுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்.

படர்தாமரையும் ஈப்புழுவும்

வட்ட வட்டமாக முடி கொட்டி, ஓரம் சிவந்து, நடுவில் செதில் இருந்தால் அது பூஞ்சாணமாக இருக்கலாம். குட்டிகளுக்கு அதிகம் வரும். அரிப்பு சொறி அளவுக்கு இருக்காது. இது பிள்ளைகளுக்கும் தொற்றும். உடற்சொறி உண்ணியும் தூக்குகிறவர் கையில் கொஞ்ச நாள் அரிப்பு கொடுக்கும். முயலுக்குத் தோலில் எதுவாக இருந்தாலும், குணமாகும்வரை குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மழைக்காலத்தில் கழிச்சல் கண்டு பின்புறம் நனைந்திருக்கிற முயலை ஈ தேடி வரும். முட்டை பொரித்துப் புழு சதையைத் துளைக்கும். இது ஒரே நாளில் முற்றிவிடும். புழுவைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

எதைத் தடவக் கூடாது?

முயலுக்கு உடம்பில் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள் போகும், ஏனென்றால் நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி அது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தவறு நடக்காது. படர்தாமரைக்கு நாம் அரைத்துப் பூசும் வண்டுகொல்லி இலை, அதாவது சீமை அகத்தி, நமக்கு நல்ல மருந்து. ஆனால் அது பேதி இலை. முயல் நக்கினால் கழிச்சல் எடுக்கும். கற்பூரம் கலந்த எண்ணெய் உள்ளே போனால் விஷம். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஆயில், புகையிலைத் தண்ணீர், பயிர் மருந்து எதுவும் ஆகாது.

நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தோ ஸ்ப்ரேயோ முயலைக் கொன்றுவிடும். வீட்டில் நாய்க்குப் பாதுகாப்பாக இருந்ததே என்று போட்டுவிடாதீர்கள். புண்ணுக்கு என்று அமாக்சிசிலின் மாதிரி மாத்திரையை வாய்வழி கொடுப்பதும் ஆபத்து. குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து கழிச்சலில் சாகும்.

"இயற்கை விவசாயி ஊசி போடலாமா?"

இந்தத் தயக்கம் பலருக்கு இருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அரிப்பில் துடிக்கிற உயிரைக் கொள்கைக்காகக் காக்க வைப்பது இயற்கை வழி ஆகாது. நம் நாட்டின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்ட விதிகளே, வேறு வழி இல்லாதபோது கால்நடைக்கு வழக்கமான மருந்தை அனுமதிக்கின்றன. மருந்தின் காத்திருப்புக் காலத்தை இரண்டு மடங்காக்கச் சொல்கின்றன. கறிக்கு வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம்ம கவனம் புழுக்கையிலும் இருக்க வேண்டும். ஐவர்மெக்டின் கழிவோடு வெளியே வரும். சாணிவண்டு மாதிரி எருவை மண்ணாக்கும் பூச்சிகளை அது பாதிக்கும். ஊசி போட்ட முயல்களின் புழுக்கையைச் சில வாரம் தனியாகச் சேர்த்து நன்றாக மட்க வையுங்கள். மண்புழுத் தொட்டியில் நேரடியாகப் போட வேண்டாம்.

வாரம் ஒரு நாள், முயலுக்கு ஐந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காதைப் பிடித்துத் தூக்காமல், பிடரித் தோலைப் பிடித்து அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். காதுக்குள், மூக்கு, கண்ணோரம், தாடைக்கடி, பாதம், பின்புறம் என்று வரிசையாகப் பாருங்கள். முதுகு முடியை எதிர்த்திசையில் தள்ளிச் செதில் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் அன்றே தனிக் கூண்டுக்கு மாற்றி, தீனி போடும்போது அதைக் கடைசியாகக் கவனியுங்கள்.

புதிதாக வாங்குகிற முயலை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். சொறி பெரும்பாலும் சந்தையில் வாங்கிய முயல் மூலமாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. வாங்கும்போதே காதையும் மூக்கையும் பார்த்து வாங்குங்கள்.

பயிரில் இலை பழுத்தால் உடனே தெளிப்பானைத் தூக்காமல் முதலில் மண்ணையும் தண்ணீரையும் பார்க்கப் பழகியவர்கள் நாம். முயலுக்கும் அதேதான். தீவனத்தைப் பாருங்கள், கூண்டைப் பாருங்கள். அவை சரியாக இருந்தும் பொருக்கு கட்டினால், தாமதிக்காமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.