பட்டுக்கூட்டுச் சந்தையும் ஊரின் பொதுவாழ்வும்

ஓர் ஊரின் பொதுவாழ்வு எவற்றால் நிலைபெறுகிறது என்று வினவினால், கோயில், குளம், பள்ளி, சாவடி என்று நாம் அடுக்கிக் கூறுவோம். சந்தையையும் அவ்வரிசையில் சேர்த்தல் வேண்டும். முன்பின் அறியாத மக்கள் ஒன்றுகூடி, ஒரு பொதுவிதிக்குக் கட்டுப்பட்டுக் கொடுத்தும் கொண்டும் கலையும் இடம் அதுவே. இதனை விளக்க, பெங்களூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மைசூர் சாலையில் உள்ள இராமநகரத்தைச் சான்றாகக் கொள்வோம்.

பாறைக் குன்றுகள் சூழ்ந்த இவ்வூர் முன்னாளில் குளோஸ்பேட்டை என வழங்கியது. 2007இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அம்மாவட்டத்திற்குப் பெங்களூரு தெற்கு என்று 2025இல் கர்நாடக அரசு பெயர் மாற்றியது. பெயர்கள் மாறினும் ஊரின் உயிர்நாடி பட்டே. திப்பு சுல்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் நாட்டில் ஊக்கிய அத்தொழில், இப்பகுதியில் வேரூன்றிவிட்டது.

பட்டுப்புழு வளர்ப்பு ஒரு குடும்பம் முழுவதும் ஈடுபடும் உழைப்பாகும். முட்டையினின்று வெளிவந்த புழு, ஏறத்தாழ 25 நாட்கள் மல்பெரித் தழையைத் தின்று நான்கு முறை தோலுரிக்கிறது. பின்னர்ச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் கூடு கட்டுகிறது. புழு நோயுற்றால் மாத உழைப்பும் வீணாம். நோய்க்குத் தப்பிய கூட்டையும் நெல்லைப்போல் சேமித்து வைத்தல் இயலாது. கூடு கட்டிய பத்துப் பன்னிரண்டு நாட்களில் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறும். துளைபட்ட கூட்டில் தொடர்ந்த இழை எடுக்க முடியாது. ஆதலின், அறுவடை செய்தவர் ஓரிரு நாட்களுக்குள் விற்றே தீரவேண்டும்.

விற்றே தீரவேண்டியவரின் நிலை எளியது. வாங்குவோரின் நிலை வலியது. வீட்டு வாயிலிலேயே இடைத்தரகர் விலை பேசி, அவர் எடையே எடையாக இருக்குமிடத்தில், உழவர் மறுத்துரைப்பது எங்ஙனம்? இக்குறையைக் களையவே, 1959ஆம் ஆண்டுச் சட்டமொன்று பட்டுக்கூட்டு விற்பனையை அரசின் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. அத்தகைய அங்காடிகளுள் மிகப் பெரியது இராமநகரத்தினுடையது.

அங்கு நடைபெறும் முறையைக் காண்போம். விடியலிலேயே உழவர்கள் மூட்டைகளுடன் வருகின்றனர். சுற்றுப்புறச் சிற்றூரினரேயன்றி, ஆந்திரத்தினின்றும் தமிழகத்தினின்றும் வருவோரும் உளர். ஒவ்வொருவர் கூடும் எண்ணிட்ட தட்டில் பரப்பப்படுகிறது. உரிமம் பெற்ற நூலெடுப்போர் கூட்டைக் கையில் எடுத்துக் குலுக்கியும் அழுத்தியும் தரம் தேர்கின்றனர். முன்பு வாய்மொழியாக நடந்த ஏலம் இப்போது மின்னணு முறையில் நிகழ்கிறது. விலை பிடிக்காவிடில் மறுக்கும் உரிமை உழவருக்கு உண்டு. இசைந்தால் யாவரும் காண எடை போடுவர். தொகை வங்கிக் கணக்கிற்குச் செல்கிறது.

உழவர் பெரும்பாலும் கன்னடம் பேசுவோர். நூலெடுப்போருள் உருது பேசும் முஸ்லிம் குடும்பத்தினர் மிகுதி. மொழியும் சமயமும் வேறாயினும் இவரின்றி அவர்க்கும், அவரின்றி இவர்க்கும் பிழைப்பில்லை. தேநீர்க் கடை, சிற்றுண்டிச் சாலை, சுமைவண்டி, மூட்டை தூக்குவோர் யாவும் இவ்விருவரை அண்டியே வாழ்கின்றன. வெந்நீர்த் தொட்டிகளில் கூட்டை இட்டு இழை பிரிக்கும் தொழிலாளருள் பெண்கள் பலர். ஒரு கிலோ நூலுக்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டுக் கிலோ வரை கூடு வேண்டும். நாள் முழுதும் வெந்நீரில் அளைந்த கைகள் புண்படுகின்றன. அங்காடியில் உழவர்க்குக் கிடைத்த பாதுகாப்பு, இத்தொட்டியருகே உழைப்போர்க்கு முழுமையாக எட்டவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது.

அங்காடியின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 2011இல் 30 விழுக்காட்டினின்று 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சீனப்பட்டின் போட்டிக்கு அஞ்சிக் கூட்டின் விலை சரிந்தது, உழவர் கொதித்தெழுந்தனர். ஏலக்கூடம் எடையை நேர்மையாக்கும், விலையை வெளிப்படையாக்கும், நல்ல விலையைத் தானே உண்டாக்கவல்லதன்று. அது நாட்டின் கொள்கையையும், உலகச் சந்தையையும் பொறுத்தது.

எனினும், வெளிப்படையான எடையும் விலையும் சிறு நன்மையல்ல. தமக்குரியது மறைவில் குறைக்கப்படவில்லை என்ற உறுதி இருப்பதால்தான், பல மைல் கடந்தும் உழவர் இங்கு வருகின்றனர். கர்நாடகப் பட்டுநூலே காஞ்சிபுரத்துத் தறிகளிலும் ஓடுகிறது. நம் இல்லத்து மணவிழாவில் ஒரு பட்டுச்சேலை விளங்கும்போது, அதன் பின்னே ஒரு மாதம் கண்விழித்துத் தழையிட்ட குடும்பமும், வெந்நீரில் நனைந்த கைகளும், யாவரும் காணத் தூக்கிய தராசும் உள்ளன என்பதை அறிந்திருத்தல் நமக்கு நலம்.