கடைமடைக்கு வந்து சேரும் இணையம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குமேல் பேகம்பேட்டையில் தமிழர் வாழும் எந்த வீட்டிற்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். கூடத்தில் கைப்பேசி ஒன்றைத் தண்ணீர்ச் செம்பின்மீது சாய்த்து வைத்துக் குடும்பமே அதன்முன் அமர்ந்திருக்கும். ஊரிலிருக்கும் பாட்டியின் முகம் அதில் பாதி தெரியும். மீதி இடத்தில் வீட்டு உத்தரம் தெரியும். "பிள்ளை இளைத்துவிட்டானே!" என்று பாட்டி கூறுவார். நம் தந்தைமார் இன்லண்டு கடிதத்திற்காக ஒரு வாரம் காத்திருந்தவர்கள். இரவுக் கட்டணம் மலிவு என்பதற்காக எஸ்.டி.டி. கூண்டின் வாயிலில் வரிசையில் நின்றவர்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நாம் பாக்கியசாலிகள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவ்வசதி ஊரிலுள்ள ஒரு மெல்லிய கம்பியை நம்பி நிற்கிறது. அக்கம்பியைத் தேர்ந்தெடுப்பதில் நாம் செய்த பிழையை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு அன்பர்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

நம் பெற்றோர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வசிக்கின்றனர். தந்தையார் நீரிழிவு நோயாளி. 2024-ஆம் ஆண்டு ஐப்பசியில் அவருடைய காலில் ஒரு புண் ஏற்பட்டது. தஞ்சாவூரிலுள்ள மருத்துவர், ஒருநாள் விட்டு ஒருநாள் காணொளியில் புண்ணைக் காட்டினால் போதும் என்று இசைந்தார். நவம்பர் மாத மழையில் இணைப்பு அறுந்தது. "தம்பி, பெட்டியிலே சிவப்பு விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது" என்று தாயார் தொலைபேசியில் கூறினார். பதினொரு நாட்கள் அவ்விளக்கு அவ்வாறே சிமிட்டிக்கொண்டிருந்தது. தந்தையாரைக் கேட்டபோதெல்லாம், "புண் ஆறிவிட்டது, நீ வேலையைப் பார்" என்றே விடை வந்தது. குரல் பொய் சொல்லும், படம் சொல்லாது. நாம் விடுப்புப் பெற்று ஊர் சேர்ந்தபோது விரல் கறுத்திருந்தது. அதை எடுத்துவிட நேர்ந்தது.

முழுப் பழியையும் கம்பியின்மீது சுமத்துவது நேர்மையாகாது. இரண்டாம் நாளே புறப்படாதது நம் குற்றம். இணைப்பைத் தேர்ந்தெடுத்த முறையும் நம் குற்றமே. விளம்பரத்தில் கண்ட '100' என்ற எண்ணில் மயங்கி, தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, ஓராண்டுக் கட்டணத்தைப் பேகம்பேட்டையிலிருந்தே முன்பணமாகச் செலுத்தினோம். கம்பி எந்த வழியாக வருகிறது, அறுந்தால் யார் வருவார் என்ற இரண்டு கேள்விகளை நாம் கேட்கவேயில்லை.

இதே பேகம்பேட்டையில்தான் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். காய்ச்சலுக்கு நெடுங்காலம் காற்றைக் குறை கூறிவந்த உலகத்திற்கு, நோய் வரும் வழி தெளிவாயிற்று. நாமும் பொதுவாக 'நெட் சரியில்லை' என்று சலித்துக்கொள்வதைவிட, பழுது எந்த வழியில் வருகிறது என்று பார்ப்பதே முறை.

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைக் கொண்டு மட்டும் கடைமடை உழவன் நாற்று விடுவதில்லை. ஆறும் வாய்க்காலும் கடந்து தன் மடைக்கு நீர் வந்து சேருமா என்பதே அவன் கவலை. இணையத்திற்கும் அதே நிலைதான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கிடைத்தது. சிற்றூர்களுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. 2023 ஆகஸ்டில் அதன் திருத்திய திட்டத்திற்கு ஏறத்தாழ 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க அமைச்சரவை இசைந்தது. தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி, 2018-இல் தோன்றிய தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாம் வாழும் தெலங்கானாவிலோ, மிஷன் பகீரதா குடிநீர்க் குழாய்களுக்குத் தோண்டிய பள்ளங்களிலேயே இழைக் குழாய்களையும் பதித்து டி-ஃபைபர் திட்டத்தை வகுத்தனர்.

இவையெல்லாம் பெரிய வாய்க்கால்கள். ஊராட்சி அலுவலகத்திற்கு இழை வந்துவிட்டது என்பதால் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது என்று பொருளன்று. தமிழகத்தில் இவ்விழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின்மீதே செல்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்ததை நம் பக்கத்து மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். கம்பம் சாய்ந்தால் அதன் தோளில் செல்லும் இழையும் அறும்.

நிற்க. ஒரு வீட்டிற்கு இணையம் வரும் வழிகள் யாவை என்று பார்ப்போம்.

முதலாவது கண்ணாடி இழை. தூய கண்ணாடி இழையினூடே ஒளியைச் செலுத்திச் செய்திகளை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966-இல் எடுத்துக்காட்டிய சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானிக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. மழையும் வெயிலும் ஒளியின் ஓட்டத்தைக் குறைப்பதில்லை. ஆகவே கிடைக்குமிடத்தில் இதுவே சிறந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் சிற்றூர்களில் உள்ளூர்க் கூட்டாளிகளின் வழியே இதை வழங்குகிறது. 2000-ஆம் ஆண்டு தோன்றிய ரயில்டெல் நிறுவனம், தண்டவாளங்களை ஒட்டிச் செல்லும் இழையிலிருந்து 'ரயில்வயர்' என்ற பெயரில், உள்ளூர்க் கேபிள்காரர்களைக் கொண்டு வழங்குகிறது. தனியார் நிறுவனங்களும் உண்டு.

ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். வழக்கமான முறையில் 2.5 கிகாபிட் அளவுள்ள ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. காலையில் பாய்ந்தோடும் இணையம் இரவு எட்டு மணிக்குத் தள்ளாடுவதற்கு இத்தகைய பங்கீடும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது, கோபுரத்திலிருந்து காற்றின் வழியே வருவது. 2023-இல் ஏர்டெல், ஜியோ ஆகிய இரண்டும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் இதைத் தொடங்கின. மாடியில் ஒரு வாங்கியைப் பொருத்தி, வீட்டினுள் வைஃபை பெட்டியை வைப்பார்கள். அறுவதற்குக் கம்பியில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் 5ஜி சேவையின் உயர்ந்த அலைவரிசைக்குத் தென்னந்தோப்பும் தடித்த சுவரும் பெரும் பகை. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மாடியில் நின்று பார்ப்பதே முதற் பரிசோதனை. நிறுவனங்கள் தத்தம் கம்பியில்லாச் சேவை எட்டும் இடங்களை வரைபடமாக வெளியிடவேண்டும் என்று ட்ராய் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன, அதனையும் பார்க்கலாம். ஆயினும் வரைபடம் தோப்பை அறியாது.

மூன்றாவது, கைப்பேசி சிம்மையே ஒரு சிறு பெட்டியில் இட்டுப் பயன்படுத்துவது. முதன்மை இணைப்பாக இது போதாது. துணைக்குச் சாலச் சிறந்தது.

நான்காவது செயற்கைக்கோள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோள்களின் வழியே பேசினால் விடை வர ஏறத்தாழ அரை நொடி ஆகும், உரையாடல் இடறும். 550 கிலோமீட்டர் அளவில் சுற்றும் தாழ்ந்த கோள்களில் இக்குறை பெரிதும் நீங்கும். ஸ்டார்லிங்க் நிறுவனம் 2025 ஜூனில் இந்திய அரசின் உரிமம் பெற்றது. கம்பியும் கோபுரமும் எட்டாத மலைக் குடியிருப்புகளுக்கே இது பெரிதும் உரியது.

இனி வேகம். விளம்பரங்களில் காணும் எம்.பி.பி.எஸ். என்பது மருத்துவப் பட்டம் அன்று. ஒரு நொடியில் செல்லும் மெகாபிட் அளவு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட் இறங்கும். ஒரு காணொளி உரையாடலுக்கு இரு திசையிலும் 2 அல்லது 3 மெகாபிட் தடையின்றி ஓடினால் போதும். வயோதிகர் இருவர் வாழும் வீட்டிற்கு 30 அல்லது 40 தாராளம். அறுந்து கிடக்கும் 100-ஐவிட ஓடிக்கொண்டிருக்கும் 30 மேலானது அல்லவா?

2 மெகாபிட் ஓட்டம் ஒரு மணி நேரம் நீடித்தால் ஏறத்தாழ 0.9 ஜி.பி. செலவாகும். வருவதும் போவதும் சேர்ந்தால் அது இரட்டிக்கும். நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் சிம்மை மட்டும் நம்பினால் பேச்சு முடியுமுன்னே அளவு முடிந்துவிடும் என்பது இதனால் விளங்கும். அளவு தீர்ந்தபின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும், சொல்லும் கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்குமா என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்வது நலம்.

ஆகவே பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை இவை. நம் தெருவில் முன்னரே இவ்விணைப்பு உடையவர் யார்? சென்ற மழைக்காலத்தில் அவர்களுக்கு எத்தனை நாள் அறுந்திருந்தது? கம்பி தெருக்கம்பத்தில் வருகிறதா, மரத்தில் கட்டி வருகிறதா? பழுது பார்ப்பவர் எவ்வூரில் இருக்கிறார்? அவர் ஒருவரே எத்தனை ஊர்களைப் பார்க்கிறார்? மாதக் கட்டணத்தில் தொடங்க இயலுமா? இவற்றிற்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் ஓராண்டு முன்பணம் கொடுக்கவே கூடாது.

நாம் ஊர் சென்று பார்த்தபோது நம் கம்பி, தோப்பின் நடுவே மூன்று தென்னைகளில் கட்டப்பட்டு வந்திருந்தது. விழுந்த மட்டை ஒன்று அதை அறுத்திருந்தது. பழுது பார்க்கும் இளைஞர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்; பல ஊர்களுக்கும் அவர் ஒருவரே. அவரைக் குறை கூறோம். அடுத்த தெருவில் உள்ளூர்க் கேபிள்காரர் கொடுத்திருந்த வேறொரு இணைப்பும் அதே மழையில் அறுந்தது. ஆனால் மறுநாளே அவர் ஏணியுடன் வந்து சேர்த்துவிட்டார். வேகத்தில் அது நம் இணைப்பில் பாதிகூட இல்லை.

இன்று அவரிடமே இணைப்புப் பெற்றிருக்கிறோம். கம்பியைத் தோப்பு வழியன்றித் தெரு வழியாகக் கொண்டுவர, அதிகப்படியான நீளத்திற்குச் சிறிது பணம் கொடுத்தோம். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று தாயாரின் கைப்பேசியில் துணையாக இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் கம்பியையும் சிம்மையும் வைத்திருந்தால், அதன் பெருவழி அறும் நாளில் இரண்டும் ஒன்றாகவே ஓயக்கூடும்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. மின்தடை நேர்ந்தால் வீட்டுப் பெட்டி அணைந்துவிடும். 12 வோல்ட்டில் இயங்கும் சிறு யு.பி.எஸ். ஒன்றை இணைத்தால், அதன் கொள்ளளவைப் பொறுத்துச் சில மணி நேரம் ஓடும். பெட்டியின் விளக்குகளை வாசிக்கவும் பெரியோர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை, கம்பியில் பழுது என்று பொருள். அவ்விளக்கு எரியாமல் பி.ஓ.என். என்ற விளக்கு நிலையாகப் பச்சையாக இருந்தும் இணையம் இல்லையெனில், குறை வேறிடத்தில் உள்ளது. இவ்வளவு தெரிந்தால் புகார் சொல்வது பாதி எளிதாகும்.

புகார் செய்யும்போது எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த காலத்தில் தீராவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். ட்ராய் தனியார் புகார்களை நேரே விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புக் குறைகளுக்காக நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. புகார் எண் இல்லாதவருடைய வழக்கு வலுவிழக்கும்.

இப்போது ஞாயிறு மாலைகளில் கைப்பேசி ஒலித்ததும், நாம் கேட்குமுன்னரே தந்தையார் தம் காலைத் தூக்கிக் காட்டிவிடுகிறார். "பார்த்துக்கொள், பிறகு பேசலாம்" என்கிறார். படம் அசையாமல் தெளிவாக நிற்கிறது.

பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் வீட்டுக் கம்பி எந்தக் கம்பத்திலிருந்து புறப்பட்டு எவ்வழியே வருகிறது என்று அதனோடு நடந்து பாருங்கள். அதைப் பழுது பார்ப்பவரைச் சந்தித்து அவருடைய எண்ணைப் பெற்றுப் பெற்றோரிடம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்தபின் பேகம்பேட்டையில் அமர்ந்து அவற்றைச் செய்ய இயலாது.